தமிழ்வாணி நாத்தனார் ஆன கதை

சமயநல்லூர் பந்தல்காரர் ஆண்டிச்சாமி வீட்டில் தமிழ்வாணிக்கு எல்லா உரிமையும் இருந்தது. முதல் தோசை அவள் தட்டில்தான் விழும். தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனால் அவள் கை வைத்த பாவாடைதான் முதலில் கட்டுக்குள் போகும். ஒரே ஒரு வார்த்தைக்கு மட்டும் அந்த வீட்டில் தடை இருந்தது. மாமன் மகன் முத்திருளனை அவள் ‘அண்ணே’ என்று கூப்பிடக் கூடாது.

சின்னக் குழந்தையாக இருந்தபோது கூப்பிட்டிருக்கிறாள். டயர் ஓட்டிக்கொண்டு போனவன் பின்னால் “அண்ணே, அண்ணே” என்று கத்திக்கொண்டு ஓடியதும் தெருப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அத்தை பாண்டிமீனா ஓடிவந்து வாயில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டி, கட்டிக்கப் போறவனை அப்படிக் கூப்பிடக் கூடாது, அத்தான் என்று சொல்லு என்றாள். பிள்ளை நாக்கு ‘அத்தான்’ என்ற சொல்லுக்கு மடங்கவே இல்லை. அன்றிலிருந்து அவள் அவனை எதுவுமே சொல்லிக் கூப்பிடவில்லை. ‘இந்தாருங்க’ என்பாள், அத்தையிடம் சொல்லும்போது ‘ஒங்க மகன்’ என்பாள்.

அவள் அந்த வீட்டுக்கு வந்தபோது நடக்கக்கூடப் பழகவில்லை. ஆண்டிச்சாமிக்கு ஒரே தங்கை. மதுரை பெரியாஸ்பத்திரியில் மஞ்சள் காமாலை முற்றிக் கிடந்தபோது, கைக்குழந்தையை அண்ணன் மடியில் வைத்தாள். ஆண்டிச்சாமி தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, “இவ எங்கயும் போக மாட்டாத்தா. எம் மகனுக்கே கட்டி வச்சு எங்கிட்டயே வச்சுக்கிறேன்” என்று வாக்குக் கொடுத்தார். தங்கை போய்விட்டாள். அவள் புருஷன் திருப்பூருக்குப் போய் வேறு கல்யாணம் செய்துகொண்டு இந்தப் பக்கம் தலை காட்டவில்லை. பால் குடி மறக்காத முத்திருளன் ஒரு பக்கமும் இவள் ஒரு பக்கமுமாக, பாண்டிமீனாதான் பால் கொடுத்து ஆளாக்கினாள்.

ஆக, தமிழ்வாணிக்கு மாப்பிள்ளை யார் என்பது அவளுக்குப் பல் முளைக்கும் முன்பே முடிவாகிவிட்டது. இரண்டு பிள்ளைகளும் ஒரே பாயில் உருண்டு, ஒரே தட்டில் அள்ளித் தின்று, ஒரே சைக்கிளில் பள்ளிக்கூடம் போய் வளர்ந்தார்கள். அவன் டீசல் மெக்கானிக் படிப்பு முடித்து டவுனில் டிராக்டர் ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தான். அவள் பசுமலைப் பக்கம் ஒரு கல்லூரியில் சமூகவியல் எம்.ஏ. சேர்ந்தாள். படிப்பு முடிந்ததும் கல்யாணம் என்று ஆண்டிச்சாமி ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். ஊருக்கெல்லாம் பந்தல் போட்டவர், தன் வீட்டுப் பந்தலுக்காகவே சிவப்பும் மஞ்சளுமாகப் புதுத் துணி வாங்கி மடித்து வைத்திருந்தார்.

அந்தத் துணிக்கட்டைப் பார்க்கும்போதெல்லாம் தமிழ்வாணி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். முத்திருளன் மேல் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. அவனுக்குக் காய்ச்சல் என்றால் அவளுக்குச் சோறு இறங்காது. ஆனால் அவனோடு மணவறையில் உட்காருவதை நினைத்தால் உடம்பு கூசியது. இதை யாரிடம் சொல்வது? முறைமாப்பிள்ளை, குணமானவன், குடிக்காதவன். இவனைப் பிடிக்கவில்லை என்றால் ஊர் வேறு மாதிரிப் பேசும். தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று அவளே நம்ப ஆரம்பித்திருந்தாள்.

அந்த வருஷம் வகுப்பில் செமினாருக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். அவளுக்கு வந்த தலைப்பு, ‘மண உறவுத் தடைகளின் தோற்றம் பற்றிய கோட்பாடுகள்’. தோழிகள் சிரித்தார்கள். அண்ணன் தங்கையைக் கட்டக் கூடாது என்பதற்கு என்னடி கோட்பாடு, அதைப் போய் யாராவது ஆராய்ச்சி பண்ணுவார்களா என்றார்கள். அவளும் சலித்துக்கொண்டுதான் நூலகத்தில் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. உலகத்தில் ஏறக்குறைய எல்லாச் சமூகத்திலும் அந்தத் தடை இருக்கிறது, ஏன் வந்தது என்பதில்தான் அறிஞர்களுக்குள் சண்டை. நெருங்கிய ரத்தத்தில் பிறக்கும் பிள்ளைகள் நோஞ்சானாகும் என்பதைப் பழைய மனிதன் கண்டுகொண்டான் என்றது ஒரு கட்சி. பெண்ணை வெளியே கொடுத்தால்தான் சம்பந்தி கிடைப்பான், சம்பந்தி இருந்தால்தான் சண்டைக்கும் பஞ்சத்துக்கும் துணை கிடைக்கும், அதற்காகத்தான் வீட்டுக்குள் கட்டாதே என்று விதி வைத்தார்கள் என்றது இன்னொரு கட்சி. மூன்றாவது கட்சி சொன்னதை அவள் அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள். சின்ன வயதிலிருந்து ஒன்றாக வளரும் பிள்ளைகளுக்கு, ரத்த உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், பெரியவர்களான பிறகு ஒருவர் மேல் ஒருவருக்கு அந்த ஆசை வருவதில்லை. அந்தக் கூச்சத்துக்குப் பின்னால் வந்ததுதான் விதி.

அதற்கு அவர்கள் காட்டிய சாட்சி தைவான் தீவு. அங்கே ஒரு காலத்தில் சில குடும்பங்கள் வருங்கால மருமகளைக் கைக்குழந்தையாகவே கொண்டுவந்து மகனோடு சேர்த்து வளர்ப்பார்களாம். வயது வந்ததும் கல்யாணம். அப்படிச் சேர்த்து வைத்த ஜோடிகளில் மற்ற ஜோடிகளைவிடப் பிள்ளைகள் குறைவு, பிரிவு அதிகம். கல்யாண நாளன்று மாட்டேன் என்று அடம் பிடித்தவர்களும் உண்டு.

தமிழ்வாணி அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாள். எங்கோ கடலுக்கு நடுவில், பெயர் தெரியாத ஒருத்தி தன்னைப் போலவே கூசி நின்றிருக்கிறாள். அப்படியானால் இது கோளாறு இல்லை. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

செமினாரில் அவள் பேசியது நன்றாக அமைந்தது. ஒருத்தி எழுந்து, இயற்கையிலேயே வெறுப்பு இருந்தால் கூடாது என்று தனியாக விதி எதற்கு, தீயைத் தின்னாதே என்று யாராவது சட்டம் போடுவார்களா என்று மடக்கினாள். அந்தக் கேள்வி அறிஞர்களே கேட்டதுதான், இன்னும் சண்டை தீரவில்லை என்று தமிழ்வாணி சிரித்துக்கொண்டே சொன்னாள். அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. சண்டை தீரும்வரை அவள் காத்திருக்கத் தேவையில்லை.

அன்று சாயங்காலம் முத்திருளன் பைக்கில் வந்து அவளை ஏற்றிக்கொண்டான். காளவாசல் தாண்டி, பரவையில் ஒரு டீக்கடையில் நிறுத்தினான். இரண்டு டீ சொன்னான். அவள் கையில் கிளாஸைக் கொடுத்துவிட்டுத் தரையைப் பார்த்தபடியே கேட்டான்.

“மனசத் தொட்டுச் சொல்லு. ஒனக்கு இந்தக் கல்யாணத்துல சம்மதமா?”

“மாமாவுக்குச் சம்மதம்னா எனக்கும் சம்மதந்தேன்.”

“நான் அப்பாவக் கேக்கல.”

உங்களுக்கு எப்படி என்று அவள் திருப்பிக் கேட்டாள். அவன் வெகுநேரம் டீயை ஆற்றிக்கொண்டிருந்தான். ஆறிப் பாலாடை கட்டிய பிறகு சொன்னான்.

“சின்னப்புள்ளையில ஒனக்கு அம்மை போட்டுச்சுல்ல. அம்மாவுக்குத் தூக்கம் வந்துரும்னு நாந்தேன் ஒக்காந்து வேப்பங்கொழையால விசிறிக்கிட்டே இருந்தேன். அந்தக் கையால தாலி கட்டச் சொன்னா எப்பிடி? ஆனா நான் வேணாம்னா, தாயில்லாப் புள்ளைய அவனும் ஒதுக்கிட்டான்னு நீ நெனச்சுருவியேன்னுதேன் வாயத் தொறக்கல.”

அவளும் அதையேதான் பயந்துகொண்டிருந்தாள். வளர்த்த வீட்டுப் பையனை வேண்டாம் என்றால் அவன் மனம் என்ன பாடுபடும் என்று. இருவரும் ஒருவரை ஒருவர் நோகடிக்காமல் இருப்பதற்காகவே மணவறைவரை போக இருந்திருக்கிறார்கள். மீதி வழியெல்லாம் பைக்கின் பின்னால் உட்கார்ந்து தைவான் கதையைக் காதுக்குள் கத்திக்கொண்டே வந்தாள். சமயநல்லூர் வந்ததும் வண்டியை நிறுத்திவிட்டு, “அப்ப நம்ம கிறுக்குப் புள்ளைக இல்ல” என்றான் அவன்.

வீட்டில் சொன்னபோது ஆண்டிச்சாமி கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. வேறு யாரையாவது மனதில் வைத்திருக்கிறீர்களா என்று இருவரையும் தனித்தனியே கேட்டார். இல்லை என்றார்கள். அப்படியானால் என்ன குறை என்று கேட்டார். ஒரு குறையும் இல்லை என்றார்கள். அவருக்கு ஒன்றுமே புரியவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு பந்தல் போடும் இடத்திலேயே சாப்பிட்டார். பாண்டிமீனாதான் கத்தித் தீர்த்தாள். வளர்த்த கடா மார்பில் பாய்கிறது என்றாள். தங்கச்சிக்குக் கொடுத்த வாக்கைக் காற்றில் விடச் சொல்கிறாயா என்று கேட்டுவிட்டு, கேட்ட கையோடு தமிழ்வாணிக்குச் சோற்றைப் போட்டு, தின்னாமல் படுத்தால் தோலை உரித்துவிடுவேன் என்றாள்.

தமிழ்வாணி மாமனைத் தேடிப் போனாள். அவர் பரவைப் பக்கம் ஒரு காதுகுத்து வீட்டுக்கு வாசல் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார். ஏணியில் நின்றவருக்குக் கயிற்றை எடுத்துக் கொடுத்துக்கொண்டே பேசினாள். நான் இந்த வீட்டை விட்டுப் போகிறேன் என்று சொல்லவில்லை, மருமகளாக வேண்டாம், மகளாக இருக்கிறேன் என்றுதான் சொல்கிறேன் என்றாள்.

அவர் ஏணியை விட்டு இறங்கிவந்தார். “மகளாத்தான் வளத்தேன். நான் சொன்னா ஊரு ஒத்துக்கிடுமா? நாளைக்கு ஒன்னைய ஒரு வீட்டுல குடுக்கும்போது, முறைப்பையன் கூட ஒரே வீட்டுல இருந்தவதானேன்னு எவனாச்சும் ஒரு சொல்லுச் சொன்னா, நான் எங்க போயி முட்டிக்கிடுவேன்?”

அவர் கவலை அவளுக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. அவர் பயந்தது வாக்குக்காக மட்டும் இல்லை, அவளுக்காக. “அப்ப ஊரு முன்னாலயே கேட்டுருவோம் மாமா” என்றாள்.

சிவராத்திரியையொட்டி வரும் மாசிப் பச்சைக்குக் குலசாமி கோயிலில் பங்காளிகள் எல்லாரும் கூடினார்கள். வாடிப்பட்டிக்கு மேற்கே மலையடிவாரத்தில் கருப்பசாமி கோயில். ஆண்டிச்சாமியின் பங்காளி வகையறா எங்கெங்கோ பிழைக்கப் போனவர்கள், வருஷத்துக்கு ஒருநாள் வந்து பொதுப்பானையில் பொங்கல் வைத்துப் பகிர்ந்து சாப்பிடுவார்கள். பொங்கல் இறக்கியதும், வகையறாவில் மூத்தவரான காளைப் பெரியவர் முன்னால் ஆண்டிச்சாமி போய் நின்றார். விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். தமிழ்வாணி முன்னால் வந்தாள். நான் பேசலாமா என்று கேட்டாள். காளை தலையசைத்தார்.

கட்டிக்கிற முறை இருக்கும்போது ஏன்த்தா வேணாங்குற என்று அவர் கேட்டார். அவள் அவரிடமே ஒரு கேள்வி கேட்டாள்.

“அய்யா, இந்தக் கோயில் பங்காளிகளுக்குள்ள ஏன் பொண்ணு எடுக்குறதில்ல?”

“அண்ணந்தங்கச்சியாச்சேத்தா.”

“மேலூர்லருந்து வந்திருக்காகளே, அவுக மக மொகத்த இங்க பாதிப் பேரு பாத்ததுகூட இல்ல. அவ எப்பிடித் தங்கச்சி?”

“ஒரு சாமி. ஒரு பானைச் சோறு.”

“வருசத்துல ஒருநா ஒரு பானைச் சோறு தின்னவ தங்கச்சின்னா, தெனமும் ஒரே பானையில தின்ன நான் யாருங்கய்யா?”

பானைப் பக்கம் நின்ற பெண்கள் கரண்டியோடு திரும்பிப் பார்த்தார்கள். பங்காளிகளில் ஒருவர், படித்த பிள்ளைகள் இப்படித்தான் பேசும், அத்தை மகள் எங்கே வளர்ந்தாலும் அத்தை மகள்தான், இன்றைக்கு இவளை விட்டால் நாளைக்கு எல்லாரும் முறையை முறித்துவிட்டுப் போவார்கள் என்றார். தமிழ்வாணி அவர் பக்கம் திரும்பினாள். முறையை முறிக்க அவள் வரவில்லை. முறைப்பெண் என்றால் வேறு ஊரில் வளர்ந்தவள். திருவிழாவுக்கு வந்து, தூணுக்குப் பின்னால் கூச்சப்பட்டு நின்றவள். அப்படி நின்றவர்களைத்தான் இங்கிருக்கிற அண்ணன்மார்களும் மாமன்மார்களும் ஆசை ஆசையாகக் கட்டிக்கொண்டார்கள். அந்த முறையை வைத்த முன்னோர் கெட்டிக்காரர்கள். கொள்வினை கொடுப்பினைக்கு இரண்டு வீடு வேண்டும் என்று தெரிந்து வைத்தார்கள். தாய் செத்து, முறைப்பெண் மாப்பிள்ளை வீட்டுத் தொட்டிலிலேயே வளர்வாள் என்று அவர்கள் நினைக்கவில்லை. இவ்வளவையும் அவள் குரல் உயராமல் சொன்னாள். அந்த மனிதரின் மனைவி, தூண் என்றதும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவர் உட்கார்ந்துவிட்டார்.

முத்திருளன் எழுந்தான். அப்பா உட்காரச் சொன்னால் மணவறையில் உட்காருவேன், சொல்லைத் தட்டமாட்டேன், ஆனால் தங்கச்சி கழுத்தில் கட்டுகிறேன் என்றுதான் அந்த நேரம் நினைப்பேன், அது சாமிக்கு அடுக்குமா என்று பெரியப்பாதான் சொல்ல வேண்டும் என்றான்.

அப்போதுதான் யாரும் எதிர்பாராதது நடந்தது. பெண்கள் கூட்டத்திலிருந்து பாண்டிமீனா வந்தாள். ஆண்கள் நடுவில் அவள் அதுவரை வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை.

“எம் பாலக் குடிச்ச புள்ளைக ரெண்டும்” என்றாள். “இவரு வாக்குக் குடுத்துட்டாரேன்னு இத்தன வருசம் மருமகளே, மருமகளேன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். எம் வாய்தேன் சொல்லுச்சு. பெத்தது ஒண்ணு, வளத்தது ஒண்ணு, அம்புட்டுத்தேன். எம் மகளுக்கு எம் மகனக் கட்ட நான் சம்மதிக்க மாட்டேன்.”

ஆண்டிச்சாமி பெண்டாட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு காளையிடம், தங்கச்சிக்குக் கொடுத்த வாக்கு என்னாவது என்று பிள்ளை போலக் கேட்டார். காளை, அவளிடம் என்ன சொன்னாய், சொல்லை மாற்றாமல் சொல் என்றார். ‘எங்கயும் போகமாட்டா, எங்கிட்டயே வச்சுக்கிறேன்’ என்று ஆண்டிச்சாமி சொல்லி, மகனுக்குக் கட்டிவைக்கிறேன் என்றும் சொன்னேனே என்று இழுத்தார்.

“செத்துப்போன புள்ள ஒங்கிட்டக் கேட்டது மாப்பிள்ளை இல்லடா. எம் புள்ளைக்கு ஒரு வீடு வேணும்னுதான் மடியில வச்சா. மருமகளா இருந்தாத்தான் வீடா? மகளா இருந்தா வீடு இல்லையா?”

அவர் விபூதித் தட்டை வாங்கினார். இருவரையும் கருப்பசாமி முன்னால் நிறுத்தினார். முத்திருளனைக் காட்டி, இவன் உனக்கு யார் என்று தமிழ்வாணியிடம் கேட்டார். அவள் அவனைப் பார்த்தாள். சின்ன வயதில் வாயில் வாங்கிய தட்டு நினைவுக்கு வந்தது. “அண்ணே” என்றாள். பதில் சொன்னது போல இல்லை, கூப்பிட்டது போல இருந்தது. “என்னத்தா” என்று அவனும் கேட்டுவிட்டான். கூட்டமே சிரித்தது. காளை இருவர் நெற்றியிலும் விபூதியை அள்ளிப் பூசி, இன்றிலிருந்து இவள் இந்த வகையறாப் பெண், பங்காளி எவனும் இவளைப் பெண் கேட்கக் கூடாது என்று மூன்று பக்கமும் திரும்பிச் சொன்னார். பெண்கள் குலவை போட்டார்கள். மலைச் சரிவில் அது எதிரொலித்து வந்தது. ஆண்டிச்சாமி இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார், அழுது முடித்ததும் எல்லாருக்கும் தன் கையாலேயே பொங்கல் பரிமாறினார்.

சோழவந்தானிலிருந்து முத்திருளனுக்குப் பெண் வந்தது. பெயர் நாகஜோதி. பெண் பார்க்கப் போனபோது அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. காப்பியை வேட்டியில் கொட்டிக்கொண்டான். அவன் கூச்சப்பட்டு அன்றுதான் தமிழ்வாணி பார்த்தாள், வீடு வந்து சேரும்வரை அதைச் சொல்லிச் சொல்லியே அவனை ஒரு வழி பண்ணினாள்.

அந்தக் கல்யாணத்துக்கு ஆண்டிச்சாமி போட்ட பந்தலைச் சமயநல்லூர் இன்னும் பேசுகிறது. சிவப்பும் மஞ்சளுமாகத் தெரு முனைவரை போனது. பஸ் நிறுத்தத்தில் வைத்த பிளக்ஸில் மணமக்கள் படத்துக்குச் சமமாகத் தமிழ்வாணி படம் இருந்தது. கீழே, ‘மணமகனின் உடன்பிறந்த தங்கை, எங்கள் செல்வ மகள்’ என்று பெரிய எழுத்து. அச்சடித்த பையன், உடன்பிறந்தது சரிதானா அண்ணே என்று சந்தேகம் கேட்டிருக்கிறான். நீ அச்சடி என்றிருக்கிறார் ஆண்டிச்சாமி.

முகூர்த்த நேரத்தில் முத்திருளன் தாலியை எடுத்து முதல் முடிச்சைப் போட்டான். மீதி முடிச்சு நாத்தனார் உரிமை. அய்யர், மாப்பிள்ளையோட சகோதரி வாங்கோ என்றார். அத்தை மகள் கை படக் கூடாத இடம் அது. முன்வரிசையில் ஒரு கிழவி பக்கத்தில் இருந்தவள் காதில் ஏதோ சொல்ல, மேடை ஓரத்தில் நின்ற காளைப் பெரியவர் கைத்தடியைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். தமிழ்வாணி பட்டுப்புடவை சரசரக்க நாகஜோதிக்குப் பின்னால் வந்து நின்றாள். மஞ்சள் கயிறு ஈரமாக இருந்தது. இழுத்து முடிந்தாள். மறுபடியும் முடிந்தாள். கெட்டிமேளம் முழங்க, மேலே அட்சதை கொட்டியது. கண்ணில் நீரோடு நிமிர்ந்தபோது, எதிரே பாண்டிமீனா இரண்டு கையாலும் நெட்டி முறித்துக்கொண்டிருந்தாள். மணமக்களுக்கா, அவளுக்கா என்று தெரியவில்லை.

அதற்கு அடுத்த வருஷம் தமிழ்வாணிக்கும் கல்யாணம். மாப்பிள்ளை மாயழகு, மின்வாரியத்தில் வேலை. முறைப்பையன் வீட்டில் வளர்ந்தவள் என்று யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. ஆண்டிச்சாமிதான் தாரை வார்த்துக் கொடுத்தார். அவரை அவள் இன்றுவரை ‘மாமா’ என்றுதான் கூப்பிடுகிறாள், அந்த நாக்கு மட்டும் மாறவில்லை, அவரும் மாற்றச் சொல்லவில்லை. டவுனில் ஒரு கல்லூரியில் சமூகவியல் சொல்லிக்கொடுக்கிறாள். மண உறவுத் தடை பற்றிய பாடம் வரும்போது எல்லாக் கட்சிகளையும் நியாயமாகச் சொல்வாள். பாடம் முடிந்து எல்லாரும் போன பிறகு, எப்போதாவது ஒரு மாணவி மட்டும் மேஜை அருகில் தயங்கி நிற்பாள். அப்படி நின்றவர்கள் சிலரின் வீடுகளுக்குத் தமிழ்வாணியே போய் உட்கார்ந்து, காப்பி வாங்கிக் குடித்து, பெரியவர்களிடம் பேசியிருக்கிறாள். எல்லா வீட்டிலும் ஜெயிக்கவில்லை. ஜெயித்த வீடுகளிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரும்.

போன ஆடியில் அவள் மகனுக்கு அழகர்கோவிலில் மொட்டை, காதுகுத்து. தாய்மாமன் முத்திருளன் சீர்த்தட்டுகளோடு, முன்னால் மேளம் வைத்துக்கொண்டு வந்து இறங்கினான். பிள்ளையை மடியில் வைத்து இறுகப் பிடித்துக்கொண்டான். ஆசாரி ஊசி வைத்ததும் பிள்ளை வீறிட்டது. பிள்ளையைவிட முத்திருளன் முகம்தான் அதிகமாகக் கோணியது. நாகஜோதி இடுப்பில் இருந்த அவன் மகள், அழுகிறவனுக்கு ஒரு துண்டு வெல்லத்தை நீட்டினாள்.

கூட்டத்தில் ஒரு பெரியம்மா அதைப் பார்த்துவிட்டாள். நீங்க அண்ணன் தங்கச்சி ஆகப்போய் இதுக ரெண்டும் இப்ப முறை ஆயிருச்சே, மாமன் மகள் அத்தை மகனுக்கு ஊட்டுறா பாரு, அடுத்த கல்யாணம் முடிவாயிருச்சு என்றாள். எல்லாரும் தமிழ்வாணியைப் பார்த்தார்கள். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“அந்தக் கவலையே வேணாம் பெரியம்மா. லீவுக்கு லீவு ஒரே வீட்டுல விட்டு, ஒரே தட்டுல சோறு போட்டு வளத்துருவோம்.”

முத்திருளன் அவளைவிடச் சத்தமாகச் சிரித்தான். அதிர்ச்சியில் பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டது. ஆண்டிச்சாமி, மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய பேரனை வாங்கித் தோளில் ஏற்றிக்கொண்டார். பதினெட்டாம்படிக் கருப்பு சன்னதிப் பக்கம் நடந்தார். எதிரே வந்த, முன்பின் தெரியாத யாத்திரைக்காரர்களையெல்லாம் நிறுத்தி, இவன் எம் மக வயித்துப் பேரன் என்று சொல்லிக்கொண்டே போனார்.